தாடையின் கீழ் ஒரு பிளாஸ்திரி

இங்வால்டுக்கு இப்போது தாடி இருக்கிறது. சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொடுகிற நரைத்த தாடி. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், "என்ன இங்வால்ட், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்கள். அவனும் பல்லைக் காட்டிவைப்பான். கையில் இருக்கும் பால் டப்பா மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்காததுபோல அவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார்கள். அந்த நல்ல குணத்தைப் பற்றி எனக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

நானும் அவனும் எங்கள் ஊரான ஸ்கார்வ்சுந்தின் தீயணைப்பு நிலையத்தில் பதினோரு வருஷம் ஜோடி. புகைக்குள் யாரும் தனியாகப் போவதில்லை, இரண்டிரண்டு பேராகத்தான் போவோம். என்னைவிட அவன் பதினாறு வயது மூத்தவன். ஆனாலும் ஒரே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இருட்டில் தவழ்ந்தவர்களுக்குள் 'அவர்', 'இவர்' எல்லாம் ஒட்டாது. அவன் என்னைப் 'புள்ள' என்பான். நான் கோபம் வந்தால் 'கிழவா' என்பேன். கோபம் வராதபோதும் அப்படித்தான்.

பதினைந்து வயதில் காட் மீன் பிடிக்கப் போய், ஒவ்வொரு பயணத்திலும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக் கரைக்குத் திரும்பியவன் இங்வால்ட். இருபத்தாறு வயதில் நிலையத்தில் சேர்ந்தான். பாறைமேல் தானே ஒரு வீட்டைக் கட்டி அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்துக் குடியிருந்தான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், பிடிபட்டால் கண்ணாடி போட மறந்துவிட்டேன் என்பான். அவன் வெளியே தூக்கி வந்தவர்களின் பெயரெல்லாம் அவனுக்கு நினைவிருக்கும். தூக்கிவர முடியாமல் போனவர்களின் பெயர்களும் நினைவிருக்கும், அவற்றை மட்டும் சொல்ல மாட்டான்.

முப்பத்தோரு வருஷமாக, பணிக்கு வந்து நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு நாள் முடியை யாரும் பார்த்ததில்லை. எங்கள் வேலையில் தாடி ஆகாது. புகைக்குள் மாட்டும் முகமூடியின் ரப்பர் விளிம்பு, நெற்றியில் தொடங்கித் தாடைக்குக் கீழ்வரை வெறும் தோலில் உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் இடுக்கு விழும். முதுகில் சுமக்கும் சிலிண்டரின் காற்று அந்த இடுக்கு வழியாக வீணாக வெளியே போய்க்கொண்டிருக்கும். இருபத்தைந்து நிமிஷம் வரவேண்டிய காற்று பதினைந்திலேயே தீர்ந்துபோகும். முடிக்குச் சொன்னதுதான் பஞ்சுக்கும், காகிதத் துணுக்குக்கும், பிளாஸ்திரிக்கும். வெட்டின்மேல் வாஸ்லின் களிம்பு தடவினால் ரப்பர் வழுக்கும். ஆகவே மற்றவர்கள் கண்ணாடி முன்னால் ஒரு 'ச்' கொட்டிவிட்டு மறந்துபோகிற சவரக் காயம், எங்களுக்குப் பெரிய சமாசாரம்.

அதற்காகவே எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். காலை ஏழரைக்கு வண்டியின் பக்கத்தில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்போம். ஒருவர் தாடையின் கீழே மற்றவர் கட்டைவிரலை வைத்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை அழுத்தி இழுப்பார். வழவழவென்று இருந்தால் "ஆகும்" என்று சொல்லி, சுவரில் தொங்கும் பலகையில் கையெழுத்துப் போடுவார். விரலில் ஏதாவது தட்டினால் "ஆகாது". அவன் மறுபடி கண்ணாடி முன்னால் போக வேண்டும், அப்படியும் சரியாகாவிட்டால் அன்றைக்குப் புகைக்குள் போக முடியாது, வண்டி ஓட்டலாம். எப்போதோ கண் மங்கிப்போன ஒரு தலைவர் தொடங்கி வைத்தது என்பார்கள். அவர் போய்விட்டார், விரல் தங்கிவிட்டது.

நான் பெண், என் தாடையில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். இங்வால்ட் என் கழுத்தில் விரலை ஓட்டிவிட்டு, முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் மொளைக்கல புள்ள. நாளைக்குப் பாப்போம். ஆகும்," என்பான். பதினோரு வருஷம் இதே பேச்சு. பத்தாவது தடவைக்கு மேல் நான் சிரித்ததில்லை. ஆனால் அவன் விடுப்பில் இருந்த நாட்களில் அது இல்லாமல் காலை தொடங்கியதாகவே தோன்றாது.

அவனுக்கு ஐம்பத்தேழு வயதான அந்தக் கோடையின் முடிவில் முதல் வெட்டைப் பார்த்தேன். மோவாய்க் குழியில், அரிசி நீளத்துக்கு. மறுநாள் உதட்டின் மேலே. அடுத்த வாரம் கழுத்தில் இரண்டு. பியார்த் என்று எங்களில் ஒரு வாயாடி இருக்கிறான். "என்ன பெரியவரே, வீட்ல பூனை வளக்குறீங்களா, இல்ல மோல்ஃப்ரித் அடிக்கிறாளா?" என்றான். மோல்ஃப்ரித் இங்வால்டின் மனைவி.

"பிளேடு மழுங்கிப்போச்சுடா," என்றான் இங்வால்ட்.

"அப்ப புதுசு வாங்குங்க. கஞ்சனுக்குக் கஞ்சன்."

புதுசு வாங்கினான். புதுப் பிளேடு இன்னும் ஆழமாக வெட்டியது. பிறகு இரவே வெந்நீரில் குளித்துவிட்டு, தோல் ஊறியிருக்கும்போது வழித்துப் பார்த்தான். காலைக்குள் வெட்டெல்லாம் மூடிக்கொண்டது, ஆனால் அவன் முடி கம்பி மாதிரி, காலைக்குள் அதுவும் தலைகாட்டிவிட்டது. மின்சார ரேசர் வாங்கினான். அது தாடைக்குக் கீழே மடிப்பில் கிடக்கும் முடியைத் தொடவே இல்லை, தோல் மட்டும் சிவந்து தடித்தது. மறுபடி பழைய ரேசருக்கு வந்தான். அலமாரியில் ஒரு படிகாரக் கட்டி வந்து சேர்ந்தது. அதை நனைத்துக் காயத்தில் அழுத்தும்போது கண்ணில் தண்ணீர் வரும், ரத்தம் நிற்கும், தோலில் எதுவும் ஒட்டியிருக்காது. எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடத் தோதான மருந்து கிடையாது. ஒரு கட்டி வருஷக்கணக்கில் வரும். இங்வால்டின் கட்டி நாலு வாரத்தில் சோப்புத் துண்டாகத் தேய்ந்துபோனது.

இதையெல்லாம் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் மோல்ஃப்ரித் வீட்டுக்கு வாஃபிள் சாப்பிடப் போனபோது, குளியலறையில் வெள்ளைத் துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கருஞ்சிவப்பு. புதுசு, மடிப்புக்கூடக் கலையாதவை. "துண்டெல்லாம் மாத்திட்டியே," என்றேன். "ஆமா, இந்தக் கலர் அழுக்கு தெரியாது," என்றாள் மோல்ஃப்ரித். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ஸ்ட்ராபெரி ஜாம் வைத்தாள். முப்பது வருஷம் கூடப் படுத்தவள், கணவனிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாகப் பத்துத் துண்டு வாங்கியிருக்கிறாள். நான் அன்றைக்கு அவளை மனசுக்குள் திட்டினேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் பிளேடு இல்லை, கை. காபிக் கோப்பையை இங்வால்ட் பாதிதான் நிரப்புவான். அதையும் மேஜையிலிருந்து எடுக்க மாட்டான், வாயைக் கோப்பையிடம் கொண்டுபோவான். குழாயைத் தூக்கும்போது நடுக்கம் கிடையாது, கோடரி பிடிக்கும்போது கிடையாது. லேசான பொருளை முகத்தருகே கொண்டுவந்தால் போதும், கை தன்பாட்டுக்கு ஆடும்.

அக்டோபரில் ஒருநாள் காலை சீக்கிரமே வந்தேன். நிலையத்தின் அடித்தளத்தில் கொதிகலன் அறை இருக்கிறது. அங்கே ஒரு தகரத் தொட்டியும் உடைந்த கண்ணாடியும் உண்டு. கதவைத் திறந்தால் இங்வால்ட் சட்டையில்லாமல் நிற்கிறான். ஒரு கையால் ரேசரைப் பிடித்திருக்கிறான், அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்திருக்கிறான். நுரை முழுக்க ரோஜா நிறம்.

"கதவத் தட்டிட்டு வரமாட்டியா?"

"கைய என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. தூக்கம் சரியில்ல."

"ரெண்டு மாசமா தூக்கம் சரியில்லையா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா எழுதிருவான். எழுதினா ஹால்வர் என்னை மேஜையில உக்கார வெச்சு, வீடு வீடாப் போய் புகைபோக்கிய எண்ணச் சொல்லுவாரு. நான் செத்தாலும் அதைச் செய்ய மாட்டேன்." ஹால்வர் எங்கள் அணித் தலைவர்.

"உன் பின்னாடி தவழுறது நான்தானே கிழவா?"

அவன் ரேசரைத் தொட்டியில் போட்டான். "குழாய் புடிக்கிறப்ப நடுங்குதா? நீயே சொல்லு. ஒருநாளாச்சும் பாத்தியா?"

பார்த்ததில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

என் அப்பா கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு நான்தான் சவரம் செய்துவிட்டேன். எனவே ரேசரைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். "உக்காரு," என்றேன். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். துணியை வெந்நீரில் பிழிந்து அவன் முகத்தில் இரண்டு நிமிஷம் வைத்தேன். முடி இளகினால்தான் பிளேடு இழுக்காது. விரலால் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் ஒரு பக்கம் மேல்நோக்கி, தொண்டையில் சுழல். சாய்கிற பக்கமாகவே வழிக்க வேண்டும், எதிர்த்துப் போனால்தான் வெட்டு. தோலை இழுத்துப் பிடித்து, பிளேடை அழுத்தாமல் அதன் எடையிலேயே விட்டேன். நாலு இழுப்புக்கு ஒருமுறை அலசினேன். ஏற்கெனவே இருந்த வெட்டுகளைச் சுற்றிப் போனேன். முடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர். கசிந்த இடத்தில் சுத்தமான துணியை அழுத்தியபோது அவன் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"தொடாத. எடுத்துப் பாத்தா நிக்காது. சின்னப் புள்ளையா நீ?"

"எரியுது."

"எரியட்டும்."

அந்த வாளியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பயந்துபோயிருந்தான். புகைக்குள் ஒருநாளும் பயப்படாத மனுஷன்.

"வருஷாந்திர டாக்டர் சோதனை நவம்பர்ல வருது," என்றான். "அதுவரைக்கும்தான் புள்ள. அன்னைக்கு நானே டாக்டர்கிட்டயும் சொல்லிடுறேன், ஹால்வர்கிட்டயும் சொல்லிடுறேன். என் வாயால சொல்லணும். நீ சொல்லி அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஐந்து வாரம், ஒவ்வொரு பணி நாளும் ஏழு மணிக்கு அந்த அறை. பியார்த் மோப்பம் பிடித்துவிட்டான். "கொதிகலன் ரூம்ல என்னமோ நடக்குது, நல்ல சூடு போல!" என்பான். "வந்து பாரு, உனக்கும் நாக்கை வழிச்சு விடறேன்," என்பேன். சிரிப்பார்கள். இங்வால்டின் முகத்தில் ஆறின காயங்களின் தழும்புகூட மறைந்தது. ஹால்வர் ஒருமுறை அவனைக் கடந்துபோகையில், "முகம் தெளிஞ்சிருச்சே," என்றார். அவருக்கு நிம்மதி என்று குரலிலேயே தெரிந்தது. யாருக்கும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வெட்டுகள்தான் ஊருக்கே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவற்றின் வாயை அடைத்துவிட்டேன். என் கை சுத்தம் என்று எனக்குப் பெருமை வேறு.

சோதனை முடிந்து வெளியே வந்த இங்வால்ட் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டானாம். மூச்சு, இதயம், கண் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். டாக்டர் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, குழந்தைக் கன்னம் என்றானாம்.

"சொன்னியா?" என்றேன்.

"என்னத்த?"

"என்னத்தன்னு உனக்குத் தெரியாது?"

"கேக்கல, சொல்லல." ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து இழுத்தான், முதல் தடவையில் மாட்டவில்லை. "புள்ள, அறுபதுல ரிட்டயர்மெண்ட், இன்னும் மூணு வருஷம்தானே. இப்படியே ஓட்டிடலாம். உன் கைதான் எவ்ளோ நல்லா இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உனக்கு மூணு வருஷம் நாவிதம் பண்ணவா நான் பொறந்தேன்? பொய்யா! நாளைலருந்து நீயே வழிச்சுக்க. கழுத்த அறுத்துக்கிட்டாலும் எனக்கென்ன," என்று கத்திவிட்டு நடந்தேன். கழுத்தை அறுத்துக்கொள் என்று நான் சொன்னது ஒரு திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேண்டுமென்றே ஏழு இருபத்தெட்டுக்கு வந்தேன். வண்டிப் பக்கத்தில் வரிசை நின்றாகிவிட்டது. இங்வால்ட் ஒரு வழியாகச் சமாளித்திருந்தான். கன்னம் சுத்தமாக இருந்தது. என் கழுத்தில் விரலை ஓட்டி, "ஆகும்," என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அவன் வலது காதடியில் விரலை வைத்து இழுத்தேன். தாடையின் வளைவுக்குக் கீழே, வெளிச்சம் படாத மடிப்பில், விரல் தட்டியது. பிளாஸ்திரியின் விளிம்பு. தோல் நிறத்தில், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. படிகாரத்துக்கும் அடங்காத வெட்டாக இருந்திருக்கும்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். பலகையின் பக்கத்தில் ஹால்வர் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அந்த ஏன் கொதிகலன் அறைவரை போய் என்னையும் இழுத்து வந்திருக்கும். அது ஒரு காரணம். அவனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்பது இன்னொன்று. கஷ்டப்படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று ஒரு மூலையில் நினைத்தேன் என்பதும் உண்மை. எது பெரிய காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "ஆகும்," என்றேன். கையெழுத்துப் போட்டேன். பிறகு எடுத்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூன்றே கால் மணிக்கு அழைப்பு வந்தது. நவம்பரில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். துறைமுகத்துக்கு மேலே ஒரு பழைய மரவீடு, கீழ்த்தளத்திலிருந்து புகை. பக்கத்து வீட்டுப் பெண் வெறுங்காலோடு பனிச்சேற்றில் நின்றுகொண்டு, "கீழ லெய்டுல்ஃப் இருக்கான்! மத்தியானம் தூங்குவான், செருப்பு வாசல்லயே கெடக்கு!" என்று கத்தினாள். லெய்டுல்ஃப் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரன், ஒண்டிக்கட்டை.

நாங்கள்தான் முதல் ஜோடி. படிக்கட்டில் இறங்கும்போதே கேட்டது. இங்வால்டின் முகமூடியிலிருந்து, அவன் தலையைத் திருப்பும்போதெல்லாம், வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். விளிம்பு வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். எனக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரியும். அப்போதுகூட அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான். அவன் முன்னால் தவழ்ந்துகொண்டிருந்தான், நான் பின்னால் போனேன்.

சமையலறை காலி. நடை காலி. முதல் அறையில் மூட்டை மூட்டையாகப் பழைய வலை, அதைத் தடவித் தடவித் தேட நேரமாயிற்று. மறுபடி நடைக்கு வந்து சுவரோடு போனோம். இங்வால்டின் கை ஒரு கதவுச் சட்டத்தைத் தொட்டது. "இன்னொரு ரூம்!" என்று கத்தினான். அப்போது விசில் அடித்தது. சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்கிற விசில். என்னுடையது இல்லை, அவனுடையது. உள்ளே வந்து பதினான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. என்னிடம் இன்னும் பத்து நிமிஷத்துக்குக் காற்று இருந்தது.

விசில் அடித்தால் இரண்டு பேரும் திரும்ப வேண்டும். அதில் பேச்சே கிடையாது. இங்வால்ட் கதவை விடவில்லை. நான் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன், அவன் உதறினான், மறுபடி இழுத்தேன். விசில் காதைக் கிழித்தது. அவனை இழுத்துக்கொண்டுதான் படியேறினேன்.

அடுத்த ஜோடி உள்ளே போய் லெய்டுல்ஃபைக் கொண்டுவர ஆறு நிமிஷம் ஆனது. அந்தக் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தானாம். பியார்த் அவன் நெஞ்சை வெகுநேரம் அழுத்தினான். அந்த ஆறு நிமிஷம் முன்னால் எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பின்னால் டாக்டரிடம் ஹால்வர் கேட்டார். சொல்ல முடியாது என்றானாம். பிழைத்திருக்க மாட்டான் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பேன். பிழைத்திருப்பான் என்றால் அதற்கும் ஒரு வழி இருந்திருக்கும். சொல்ல முடியாது என்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வண்டியின் மறுபக்கத்தில், அதன் படியில் இங்வால்ட் உட்கார்ந்திருந்தான். கையைத் தாடைக்குக் கீழே விட்டுப் பிளாஸ்திரியை உரித்தான். ஒரு முனை ஏற்கெனவே வியர்வையில் கழன்று தொங்கியது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கன்னத்தில் கரி, கழுத்தில் புதுரத்தம். என்னைப் பார்த்தான்.

நிலையத்தில் முகமூடியைச் சோதித்தார்கள், குறையில்லை. சிலிண்டரைச் சோதித்தார்கள், முழுசாக நிரப்பியதுதான். ஹால்வர் பலகையைக் கழற்றி மேஜையில் வைத்து, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"தூர்டிஸ், காலைல அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"விரல்ல ஒண்ணும் படலையே?"

"படல."

இங்வால்ட் எதிர் நாற்காலியில் இருந்தான். தலையைத் தூக்கவில்லை. மேஜைமேல் இருந்த அவன் கையை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஹால்வரும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பெருமூச்சு விட்டுவிட்டு, "பெரியவங்களுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும், காத்து சீக்கிரம் செலவாயிருக்கும்," என்று தானே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அடுத்த பணி நாள் வெள்ளிக்கிழமை. லெய்டுல்ஃபின் அடக்கம் அன்று மதியம். நான் ஆறே முக்காலுக்கே கொதிகலன் அறைக்குப் போய் வெந்நீர் பிடித்து, துணியைப் பிழிந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, சவரமாவது செய்துவிடலாம் என்றிருந்தது. ஏழே கால்வரை அவன் வரவில்லை. தண்ணீர் ஆறிப்போனது.

மேலே உடைமாற்றும் அறையில், நாங்கள் எல்லோரும் கை கழுவும் நீளத் தொட்டியின் நட்டநடுவில், பெரிய விளக்கின் கீழே இங்வால்ட் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். இரண்டு கையாலும் பிடிக்கவில்லை. ஒரு கையால். ரேசர் கன்னத்தில் தத்தித் தத்திப் போனது. அவன் அதை மறைக்க எதுவும் செய்யவில்லை. தொட்டியின் இரண்டு பக்கமும் ஆட்கள் பல்தேய்த்தார்கள், தலைவாரினார்கள். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. பியார்த்கூட. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். படிகாரக் கட்டி அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவன் தொடவில்லை. முடித்ததும் முகத்தைக் கழுவி, துண்டால் துடைக்காமல் அப்படியே சட்டையை மாட்டினான். நீலக் காலரில் ரத்தம் இறங்கியது.

வரிசையில் என் எதிரே வந்து நின்றான். ஏழு வெட்டு. என் கழுத்தில் விரலை ஓட்டினான். ஆடிக்கொண்டே ஓடியது அந்த விரல், அதையும் அவன் மறைக்கவில்லை. "ஆகும்," என்றான்.

பிறகு தலையை நிமிர்த்தித் தாடையைக் கொடுத்தான். நான் விரலை வைத்தேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை இழுத்தேன். முடி இல்லை. பிளாஸ்திரி இல்லை. ரப்பர் உட்கார எந்தத் தடையும் இல்லாத வெறும் தோல்தான். கட்டைவிரல் முழுக்க ரத்தம்.

"என்ன?" என்றார் ஹால்வர், பலகையின் பக்கத்திலிருந்து.

இங்வால்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"ஆகாது," என்றேன். "கை நடுங்குது. செப்டம்பர்லருந்தே நடுங்குது. நான்தான் வழிச்சுவிட்டேன். செவ்வாக்கிழமை பிளாஸ்திரி இருந்துச்சு. என் விரல்ல பட்டுச்சு."

ஹால்வர் பேனாவை மூடினார். பிறகு நடந்தவை உங்களுக்கு முக்கியமில்லை. அவன் வேலையைவிட்டுப் போனான், என்னை ஒரு வருஷம் புகைக்குள் விடவில்லை, அது நியாயம்தான். இப்போது நான் மறுபடி போகிறேன். எதிரே நிற்கிற பையன் என் கழுத்தில் விரலை வைக்கக் கூச்சப்படுகிறான்.

அன்றைக்கு இங்வால்ட் தன் சட்டைக்கையின் நுனியைப் பிடித்து என் கட்டைவிரலைத் துடைத்துவிட்டான். கை ஆடியதால் நேரமாயிற்று. கோபமாகச் சொல்லவில்லை. குழாயைச் சரியாகச் சுருட்டவில்லை என்று சொல்வானே, அந்தக் குரலில்தான் சொன்னான்.

"செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கணும் புள்ள."